டி.ஏ. வருடாந்திரப் பயிற்சியை எந்த மாதத்தில் வைப்பது? சேலம் பக்கத்து ஆட்களுக்கு யோசனை வேண்டும்

ஓமலூர்_லெப்டினன்ட் எழுதியது:

வணக்கம். நான் பிராந்திய ராணுவத்தில் (டி.ஏ.) சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மற்ற மாதங்களில் ஓமலூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன், அழைப்பு வந்தால் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். பிரிவின் பெயர், இடம், ஆள் கணக்கு எதையும் இங்கே எழுத மாட்டேன், பதில் எழுதுகிறவர்களும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு வருடாந்திர முகாமுக்குத் தேதி முன்மொழியும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. முடிவு எடுப்பது மேலே இருப்பவர்கள். ஆனால் "உங்க ஊர்ப் பசங்களுக்கு எந்த மாசம் ஒத்துவரும்னு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்" என்று கம்பெனி கமாண்டர் சொல்லிவிட்டார். காலாட்படைப் பிரிவு என்பதால் வருடத்துக்கு இரண்டு மாதப் பயிற்சி. அதை எப்போது வைத்தாலும் யாரோ ஒருவரின் பிழைப்பில் கை வைத்த மாதிரிதான் இருக்கிறது. ஆத்தூர் பக்கத்துப் பையன்களுக்குக் குச்சிக்கிழங்கு பிடுங்கும் காலம், சேகோ மில் ஓடும் காலம். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம். சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறையில் இருப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் மூச்சுவிட நேரம் கிடையாது, இளம்பிள்ளை தறிக்காரர்களுக்கும் அதே கதை. மேட்டூர்க் கால்வாய்ப் பாசனத்தில் இருப்பவர்கள் ஆகஸ்டில் தண்ணீர் விட்டால் வயலை விட்டு நகர மாட்டார்கள். மே மாதம் வைக்கலாம் என்றால் வெயில், அதோடு மாங்காய் சீசன்.

இரண்டாவது கேள்வி, முகாமுக்குள் என்னென்ன வைப்பது. சிலபஸில் உள்ள எல்லாவற்றையும் கட்டம் போட்டு நிரப்பிப் பார்த்தேன், நாள் போதவில்லை. டிரில், பி.டி., ஆயுதப் பயிற்சி, ஃபயரிங், மேப் ரீடிங், முதலுதவி, செக்‌ஷன் (சிறு குழு) அளவில் களப்பயிற்சி, இரவுப் பயிற்சி, அப்புறம் வகுப்பறைப் பாடங்கள் வேறு. எதைக் குறைப்பது, எதைத் தொடவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாஜி_சுபேதார்_ஆத்தூர் எழுதியது:

சார், நான் ரெகுலர் ஆர்மியில் இருந்தவன், கடைசிக் காலத்தில் டி.ஏ. பட்டாலியன் ஒன்றில் பயிற்சியாளராக இருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 60 நாள் என்ற நினைப்பை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழியுங்கள். வந்து சேர்ந்த உடனே மெடிக்கல், டாக்குமெண்ட், கிட் வாங்குவது, கோத்திலிருந்து (ஆயுத அறை) ஆயுதம் எடுத்து நம்பர் சரிபார்ப்பது என்று முதல் மூன்று நான்கு நாள் போய்விடும். கடைசியிலும் அப்படித்தான், கிட் திருப்புவது, ஆயுதத்தைத் துடைத்து உள்ளே வைப்பது, சம்பளக் கணக்கு. நடுவில் ஒரு விஐபி வருகை, சைனிக் சம்மேளன் என்ற வீரர்கள் கூட்டம், படா கானா என்ற பெரிய விருந்து. நிகரமாக 45 நாள் கையில் நின்றால் பெரிய விஷயம். அந்த 45 நாளுக்குத்தான் நீங்கள் பிளாக் சிலபஸ், அதாவது எந்த நாளில் எந்தப் பாடம் என்ற அட்டவணை, போட வேண்டும். இது உங்கள் ஒருவருக்கு வந்த தலைவலியும் இல்லை. 2002இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியில் ஒரு ஆய்வு வந்தது: கம்பெனி கமாண்டர்களுக்குப் பயிற்சிக்கென்று இருந்தது வருடத்துக்கு 256 நாள், மேலிடம் கட்டாயம் என்று சொன்ன பாடங்களைக் கூட்டினால் 297 நாள். அது முழுநேரப் படையின் கணக்கு. நமக்குக் கிடைப்பதோ இரண்டு மாதம்.

அதனால் எதைக் குறைப்பது என்று கேட்டீர்களே, நான் வைத்திருந்த அளவுகோலைச் சொல்கிறேன். பத்து மாதம் தொடாமல் விட்டால் எது முதலில் மறந்துபோகும்? அதற்குத்தான் நேரம். டிரில் மறக்காது. ஒருமுறை உடம்பில் ஏறியது இரண்டு காலை பரேடில் திரும்பி வந்துவிடும். ஆனால் ரைஃபிளில் ஜாம் ஆனால் கை என்ன செய்ய வேண்டும் என்பது, காற்றைப் பார்த்துச் சைட்டை மாற்றுவது, வயர்லெஸ்ஸில் செய்தியைச் சுருக்கமாகச் சொல்வது, ரத்தம் கொட்டும்போது எங்கே கட்டுவது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். ஆளிடம் கேட்டால் எல்லாம் தெரியும் என்றுதான் சொல்வான், அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. முதல் வாரத்திலேயே கண்ணைக் கட்டி ஆயுதத்தைப் பிரித்துப் பூட்டச் சொல்லிப் பாருங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு இரண்டு குழுவாகப் பிரியுங்கள். தெரிந்தவனை மறுபடி அரிச்சுவடியில் உட்கார வைத்தால் அவன் அடுத்த வருடம் வர யோசிப்பான்.

ஃபயரிங்கைக் கடைசி வாரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள், முகாமின் உச்சம் மாதிரி. மழை வந்து ரேஞ்ச் (சுடும் மைதானம்) மூடினாலோ, ஒருவனுக்குக் குரூப்பிங்கே (குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுவது) சேராமல் தோற்றாலோ, மறுபடி சுட நாள் இருக்காது. இரண்டாவது வாரத்தில் ஜீரோயிங் (ரைஃபிளின் சைட்டைக் குறிக்குச் சரிசெய்வது), குரூப்பிங் முடியட்டும், மூன்றாவது வாரத்தில் தூரம் கூட்டிச் சுடட்டும், தேறாதவனுக்கு ஐந்தாவது வாரத்தில் இன்னொரு வாய்ப்பு. இதில் ஒரு முக்கியமான சங்கதி, ரேஞ்ச் உங்கள் சொத்து இல்லை. மற்ற பிரிவுகள், என்.சி.சி., போலீஸ் என்று எல்லோரும் அதற்கு வரிசையில் நிற்பார்கள். ரேஞ்ச் தேதியையும் பயிற்சித் தோட்டா ஒதுக்கீட்டையும் கையில் வாங்கிய பிறகு அதைச் சுற்றி முகாம் தேதியைப் போடுங்கள். தலைகீழாகச் செய்த முகாம்களில் ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்து சைட் பிக்சர் (குறி பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் படம்) வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

அப்புறம் பூட்ஸ். பட்டறையில் இருப்பவனும் தறிக்காரனும் வருடம் முழுக்கச் செருப்பில் இருப்பவர்கள். வந்த மறுநாளே 5 கிலோமீட்டர் ஓடவிட்டால் குதிகாலில் கொப்புளம், மூன்றாம் நாள் பாதிப் பேர் எம்.ஐ. ரூம் (மருத்துவ அறை) வாசலில் இருப்பார்கள், ஒரு வாரம் போயிற்று. ஆளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். முகாமுக்கு ஆறு வாரம் முன்னாலிருந்து தினம் ஒரு மணி நேரம் பூட்ஸ் போட்டு நடக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடச் சொல்லுங்கள். செலவே இல்லாத பயிற்சி இது.

மாதம் பற்றிக் கேட்டால் ஜூன் 1இல் ஆரம்பித்து ஜூலை 30க்குள் முடிக்கச் சொல்வேன். காரணத்தை நம்ம ஊர்க்காரர்கள் யாராவது இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

கொலுசு_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

நான் டி.ஏ. இல்லை, ஊர்க்காவல் படையில் இருக்கிறேன், சொந்தத் தொழில் வெள்ளி. சுபேதார் ஐயா சொன்ன ஜூன், ஜூலை எங்கள் தொழிலுக்குப் பொருந்தும். வைகாசி முகூர்த்தம் முடிந்த பிறகு ஆர்டர் குறையும், ஆடியில் கல்யாணமே கிடையாது, பட்டறை பாதி நாள் சும்மா கிடக்கும். ஆவணி பிறந்தால்தான் மறுபடி சூடு பிடிக்கும். ஆனால் ஆடியில் ஒன்றைக் கவனியுங்கள். சேலத்துக்காரனைக் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு விடாமல் வைத்தால் அவன் உடம்பு முகாமில் இருக்கும், மனசு குகை வண்டி வேடிக்கையில் இருக்கும். பண்டிகை ஆகஸ்ட் முதல் பாதியில் வரும், ஆடிப் பதினெட்டும் அதை ஒட்டித்தான். ஜூலை 30க்குள் அனுப்பிவிட்டால் எல்லாவற்றுக்கும் வந்துவிடலாம். ஆடி ஒன்றாம் தேதி மட்டும் உள்ளே மாட்டும், அன்றைக்கு முகாமிலேயே பசங்களைத் தேங்காய் சுட விடுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் படையில் வார இறுதிக் கவாத்து உண்டு. நல்ல தேதி கெட்ட தேதி என்பதைவிட, சொன்ன தேதி மாறாமல் இருப்பதுதான் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரு காலகட்டத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் "நாளைய கவாத்து ஞாயிறுக்கு மாற்றம்" என்று வரும், ஞாயிறு வந்தால் அடுத்த வாரம் என்று வரும். கொஞ்ச நாளில் வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. வராதவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, கூலிக்காரர்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து திரும்பிப் போனவனுக்கு அன்றைய கூலி போனது போனதுதான். பிறகு வேறு அதிகாரி வந்தார். மூன்று மாதத்துக்குத் தேதியை முன்கூட்டியே அச்சடித்து ஒட்டினார், ஒருமுறை மைதானத்தில் தண்ணீர் நின்றபோதுகூட ரத்து செய்யாமல் வராந்தாவில் முதலுதவி வகுப்பு எடுத்தார். கூட்டம் திரும்ப வந்தது.

பட்டறை ஆட்களுக்கு இன்னொரு சிக்கல், முன்பணம். ஆள் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பான், வேலை கொடுத்துத் தீர்க்காமல் இரண்டு மாதம் கிளம்பிப் போனால் ஊரில் பேச்சு வரும். எட்டு மாதம் முன்னால் தேதி தெரிந்தால் அதற்கேற்ப வாங்கித் தீர்த்துவிடுவான். இரண்டு வாரத்துக்கு முன்னால் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலுதவி பற்றி ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. சி.பி.ஆர். கற்றுக்கொண்டவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் அந்தத் திறன் குறைய ஆரம்பிக்கிறது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு நாள் எடுப்பதைவிட அடிக்கடி அரை மணி நேரம் எடுப்பது நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி நேரத்தில் புத்தகத்தைப் புரட்ட யாருக்கும் அவகாசம் இருக்காது.

சேர்வராயன்_எஸ்டேட் எழுதியது:

எஸ்டேட் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன், ரைட்டர் வேலை பார்க்கிறேன். எங்கள் எஸ்டேட்டிலிருந்தும் பையன்கள் டி.ஏ.வுக்குப் போகிறார்கள். ஜூன், ஜூலையில் மலையில் களையெடுப்பு, உரம் போன்ற வேலைகள்தான் இருக்கும், ஒரு ஆள் குறைந்தால் மஸ்டரில் (ஆள் வருகைப் பதிவு) சமாளித்துவிடலாம். நவம்பரில் பழம் சிவந்த பிறகு ஆளைக் கேட்டால் எந்த மேனேஜரும் முகம் சுளிப்பார். பழுத்தது செடியில் நிற்காது, உதிர்ந்துவிடும். அது முடிந்த கையோடு மிளகு. அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை மலை ஆட்களை மறந்துவிடுங்கள்.

ஏற்காட்டிலேயே ஒரு வாரம் களப்பயிற்சி வைக்கலாமா என்று யோசித்தாலும் சொல்லிவிடுகிறேன், மே மாதம் கூடவே கூடாது. கோடை விழாவுக்கு 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான், மலைக் கிராமத்துப் பையன்கள் அதை விட மாட்டார்கள். இடம் இன்னொரு கஷ்டம். மலையில் காலியாகத் தெரிகிற இடமெல்லாம் ஒன்று எஸ்டேட், இல்லாவிட்டால் வனத்துறை. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பிளட்டூனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்க முடியாது. ஜூலையில் மாலை நேரத்தில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவன் தெரிய மாட்டான். காம்பஸ் பயிற்சிக்கு அது நல்ல பாடம்தான். ஆனால் ஊர்க்காரப் பையன் ஒருவனை ஒவ்வொரு செக்‌ஷனோடும் அனுப்புங்கள், அட்டைக்கடிக்கு உப்பும் கொடுத்து அனுப்புங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பையன்களுக்கு வரும் அழைப்புக் கடிதம் பையன் கையோடு நின்றுவிடுகிறது. முதலாளிக்கோ மேனேஜருக்கோ நேராக ஒரு வரி வருவதில்லை. அவன் லீவு கேட்டு நிற்கும்போது அது அவன் சொந்தக் காரியம் மாதிரித்தான் தெரிகிறது. பிரிவின் பெயரில் முறையாக ஒரு கடிதம் வந்தால் எங்களுக்கும் மேலே எடுத்துச் சொல்ல வசதி.

ஓமலூர்_லெப்டினன்ட் எழுதியது:

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஜூன், ஜூலை என்பது கிட்டத்தட்ட முடிவாகத் தோன்றுகிறது, கால்வாய்ப் பாசனத்துக்கும் அது ஒத்துவரும். ஆகஸ்ட் 1ஆம் தேதியை ஒட்டித் தண்ணீர் விடுவதற்குள் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பு, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், முகாமில் இருக்கும் நாட்களுக்கு ரெகுலர் ராணுவச் சம்பளமே கிடைப்பதால் அது நேரத்துக்குக் கைக்கு வந்தால் போதும், அதைப் பே ஆபீஸில் பேசுகிறேன்.

இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, தனியார் கம்பெனியில் இருக்கும் பையன்கள். போன முகாம் முடிந்து திரும்பிய ஒருவனை, உன் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது, இரண்டு மாதத்தையும் ஒரே மூச்சில் வைப்பதா, இரண்டாகப் பிரித்துக் கேட்டுப் பார்ப்பதா?

லேபர்_லா_ஐந்துரோடு எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். 1948ஆம் ஆண்டு பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவைப் படியுங்கள். ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவரை, பணி முடிந்து திரும்பியதும் முந்தைய நிலைக்குக் குறையாத நிபந்தனைகளில் மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. பயிற்சிக்காக அழைப்பதும் அந்தப் பணியில் சேரும். மறுத்தால் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் போகலாம். மறுபடி எடுக்கும்படியோ, ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாத இழப்பீடு கொடுக்கும்படியோ அவர் உத்தரவிடலாம். பி.எஃப். போன்ற உரிமைகளைக் காப்பது 7பி பிரிவு.

அந்தப் பையன் நாளைத் தள்ளாமல் அழைப்பு ஆணை, விடுவிப்பு ஆணை, சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு, மறுபடி வேலைக்கு வரத் தயார் என்று கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பட்டும். வாய்வார்த்தையாகக் கேட்டுத் திரும்பி வந்ததற்கு எந்தச் சாட்சியும் நிற்காது. எஸ்டேட் நண்பர் சொன்னது போல் பிரிவிலிருந்து முதலாளிக்கு ஆறு மாதம் முன்னதாகவே கடிதம் போனால் இந்த வழக்குகளில் பாதி வராது. சட்டம் தெரியாமல் ஆள் போடுகிறவர்கள்தான் அதிகம், தெரிந்தே செய்கிறவர்கள் குறைவு.

ஆனால் கூலிக்காரனுக்கும் தறிக்காரனுக்கும் இந்தச் சட்டத்தால் பிரயோஜனம் இல்லை, அவர்களுக்கு முதலாளி என்று எழுத்தில் யாரும் கிடையாது. அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு நீங்கள் முன்கூட்டிக் கொடுக்கும் தேதிதான்.

மாஜி_சுபேதார்_ஆத்தூர் எழுதியது:

ஒரே மூச்சா பிரிப்பதா என்று கேட்டீர்கள். உங்கள் கையில் இல்லாவிட்டாலும் அபிப்பிராயம் கேட்டால் ஒரே மூச்சு என்றே எழுதுங்கள். பிரித்தால் வந்து சேரும் நாலு நாள், கிட் திருப்பும் நாலு நாள் இரண்டு தடவை போகும். இங்கிலாந்தில் ஆர்மி ரிசர்வுக்கு வருடத்துக்கு 27 நாள்தான், அதில் தொடர் முகாம் இரண்டு வாரம், மீதி வார இறுதிகள். அமெரிக்காவின் நேஷனல் கார்டும் மாதம் ஒரு வார இறுதி, கோடையில் இரண்டு வாரம் என்று நடத்துகிறது. அங்கே ஆள் வீட்டிலிருந்து காரில் போய்ச் சேரும் தூரத்தில் பயிற்சிக்கூடம் இருக்கும். நம் பையன் ரயிலும் பஸ்ஸும் மாறி வர வேண்டியவன். நமக்குப் பாடம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது: அங்கே அடிப்படைப் பயிற்சி முடித்தவர்கள் 19 நாள் வீதம் ஆறு முறை வந்து போகிறார்கள், எந்தப் பிரிவுக்கு எந்த வாரம் என்று முந்தைய வருடமே வெளியிட்டுவிடுவார்கள். ஆளும் முதலாளியும் அதைப் பார்த்து வருடத்தைத் திட்டமிடுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைத் தம்பி சொன்னதும் அதேதான்.

நடுவில் வரும் பத்து மாத இடைவெளிக்கு ஒரு யோசனை. அக்டோபர் 9 டி.ஏ. தினம். 1949இல் அதே நாளில்தான் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து இந்தப் படையைத் தொடங்கி வைத்தார், நம் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். அன்றைக்கு வர முடிந்தவர்களை எப்படியும் கூப்பிடுவீர்கள். பரேடும் சாப்பாடும் முடிந்ததும் மதியம் இரண்டு மணி நேரம் ஆயுதம் கையாளுதல், ரத்தம் நிற்கக் கட்டுப் போடுவது, வயர்லெஸ் இந்த மூன்றை மட்டும் வைத்துவிடுங்கள். விருப்பமுள்ளவர்கள் செய்யட்டும். அடுத்த ஜூனில் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, தேதி மாறாது என்று நீங்கள் பசங்களுக்கு வாக்குக் கொடுக்கும்போது ஒரு விதிவிலக்கையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். 2025 மே மாதம் டி.ஏ. ஆட்களை அழைக்கும் அதிகாரத்தை அரசு தரைப்படைத் தளபதிக்குக் கொடுத்தது, இருக்கும் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு எடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. அப்படி ஒரு அழைப்பு வந்தால் குச்சிக்கிழங்கும் தெரியாது, ஆடியும் தெரியாது, கிளம்ப வேண்டியதுதான். அதற்குக் குறைவான எந்தக் காரணத்துக்கும் தேதி மாறாது என்று சொல்லுங்கள், அதன்படி நில்லுங்கள். பிளாக் சிலபஸ் முதல் வரைவு போட்டதும் பிரிவு விவரம் எதுவும் இல்லாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள் சார், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

ஓமலூர்_லெப்டினன்ட் எழுதியது:

அனுப்புகிறேன் சாப். ரேஞ்ச் தேதி கேட்டு நாளைக்கே எழுதுகிறேன், அது வந்த பிறகு மற்ற கட்டங்களை நிரப்புகிறேன். அந்தப் பையனிடம் இப்போதுதான் போனில் பேசினேன், மூன்று ஆவணமும் அவனிடம் இருக்கின்றன, பதிவுத் தபால் திங்கட்கிழமை போய்விடும்.